எட்டு வீட்டு மிளகாய்த்தூளும் தராசு சாரும்

தாம்பரம் மார்க்கெட்டில் காய் விற்கிறவர்கள் இரண்டே இரண்டுக்குத்தான் பயப்படுவார்கள். ஒன்று மழை. இன்னொன்று எங்கள் தராசு சார். மழையாவது வருஷத்தில் சில நாள்தான் வரும். தராசு சார் தினமும் வருவார்.

இரும்புலியூரில் எங்கள் குடியிருப்பில் மொத்தம் எட்டு வீடு. மேல்மாடி மூலை வீடு அவருடையது. ஏதோ ஓர் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பல வருஷம். ஒரே மகள், பெங்களூரில். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். கரண்ட் பில்லில்கூட அச்சாகி வந்திருக்கும். நாங்கள் யாரும் அதை எடுத்துப் பார்த்ததில்லை. மற்ற ஆண்கள் பேனா வைக்கிற சட்டைப் பையில் அவர் கொக்கி போட்ட சின்னத் தராசு ஒன்று வைத்திருப்பார். பையை அதில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும். அதனால் தராசு சார். அந்தப் பெயர் தன் காதிலேயே விழுந்தபோது, "எடையெல்லாம் சரியா இருந்தா சரி" என்று சொன்ன மனிதர்.

அவருக்கு ஒரே கொள்கை. "மளிகைச் செலவுல பாதி நம்ம சோம்பேறித்தனம்தான் அக்கா" என்பார். அதை என்னிடம் வந்து சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் லாரி ஷெட்டில் வாங்கின சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். சிக்கனம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, வயிற்றிலிருந்து வந்தது. எனக்கு வந்து பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கலாம் என்று பாடம் எடுத்தார். நான் முதல் முதலாக அந்தத் துவையலை அரைத்தபோது இவர் அரை டிராயரில் இருந்திருப்பார்.

மார்க்கெட்டில் அவர் செய்த அட்டகாசத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ராணி என்று ஒருத்தி கீரையும் கொத்தமல்லியும் வைத்திருக்கிறாள். நான் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது இவர் வந்து கொத்தமல்லியைத் தூக்கித் தராசில் மாட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"இதுல பாதி தண்ணி. தண்ணிக்கு நான் காசு குடுக்கணுமா?"

"தண்ணி தெளிக்காம வெச்சா வாடிப்பூடும் சார். அப்பால நீதான் வாடிக்கீதுன்னு கொறை சொல்லுவ."

"உதறிக் குடு."

"உதறுனா எல பூடும். தண்ணி வேணான்னா காய வெச்சு வாங்கிக்கோ."

ராணி கிண்டலாகத்தான் சொன்னாள். தராசு சார் கிண்டலை வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. கொத்தமல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு எதிரே வெயிலில் நின்றுவிட்டார். போகிற வருகிறவர்களுக்கு அவர் யாரையோ வரவேற்க நிற்பது போல இருந்திருக்கும். கால் மணி நேரம் கழித்து வந்து மறுபடி எடை போட்டார். இருபத்தைந்து கிராம் குறைந்திருந்தது. கொத்தமல்லியும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

"பாத்தியா" என்றார் ராணியிடம், பெருமையாக.

"பாத்துகினுதான் கீறேன் சார்" என்றாள் அவள். "உனக்கு இன்னா பென்சன் வருது, வெய்யில்ல நிக்கலாம். எனக்கு யாவாரம் கீது."

இந்த மனிதர் இதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் குடியிருப்புப் பெண்களைத் திருத்தக் கிளம்பினார். மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் வியாபாரிகள் சாப்பிடப் போகிற அவசரத்தில் மிச்சக் காயைக் கூறு கட்டிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று சொல்லி, சித்திரை வெயிலில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். என் மருமகள் அனிதாவும் போனாள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு பை தக்காளி. அதில் ஒருத்திக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, ஆறு பேரும் நிழல் தேடி உட்கார்ந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள். தக்காளியில் மிச்சம் பிடித்தது இளநீருக்குப் போதவில்லை. மேற்கொண்டு கைக்காசைப் போட்டார்கள். தராசு சார் மட்டும் இளநீர் குடிக்கவில்லை. கொண்டு போன பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இளநியில ஓடுதான் பாதி எடை" என்று சொன்னாராம்.

சமையலில் அதற்கும் மேலே. தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, பட்டாணித் தொலியில் சட்னி, காலிஃபிளவர்த் தண்டில் சாம்பார். குப்பைத் தொட்டி பட்டினி கிடக்கும். குக்கரில் ஒரே அடுக்காக அரிசி, பருப்பு, காய் எல்லாம் வைத்து, ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார். பிறகு குக்கரைத் தூக்கி, தன் பழைய ஸ்வெட்டரைப் போட்டுச் சுற்றி, மேலே போர்வையும் மூடிவிடுவார். அந்தச் சூட்டிலேயே வெந்துவிடுமாம், கேஸ் மிச்சமாம். ஒரு நாள் நான் போனபோது கட்டிலில் ஏதோ போர்த்திப் படுத்திருந்தது.

"யாருக்கு உடம்பு சரியில்லை சார்?" என்று கேட்டேன்.

"சாதம் அக்கா" என்றார்.

சிரித்துவிட்டு வந்தேன். அதுவரைக்கும் சிரிக்க முடிந்தது. என் மிளகாய்த்தூளில் அவர் கை வைக்கும்வரை.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் படிப்பு இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது. எனக்கு இருப்பது என் குழம்பு மிளகாய்த்தூள். ஒவ்வொரு பங்குனியிலும் மிளகாய், மல்லி வாங்கி மாடியில் காய வைத்து, மிஷினில் கொடுத்து வருஷத்துக்கும் அரைத்து வைப்பேன். குண்டு மிளகாய் எவ்வளவு, நீட்டு மிளகாய் எவ்வளவு, வறுத்த பச்சரிசி எவ்வளவு என்று யாருக்கும் சொன்னதில்லை. மருமகளுக்கே சொன்னதில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கிற என் சின்ன மகன் முரளி வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். போகும்போது சட்டையை மறந்தாலும் மறப்பான், என் தூள் இரண்டு கிலோவை மறக்க மாட்டான். "அம்மா, அங்க அதைப் போட்டுக் குழம்பு வெச்சாத்தான் நான் உன் பிள்ளைன்னு எனக்கே ஞாபகம் வருது" என்பான்.

போன வருஷம் பங்குனியில் தராசு சார் ஒரு கண்டுபிடிப்போடு இறங்கி வந்தார். மிஷினில் ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் கொஞ்சம் தூள் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. எட்டு வீடு எட்டுத் தடவை அரைத்தால் எட்டு வீட்டுத் தூள் மிஷின்காரருக்கு. எல்லாரும் சேர்ந்து மொத்தக் கடையில் மிளகாய் வாங்கி, ஒரே தடவையில் அரைத்தால் எல்லாமே மிச்சம். ஏழு வீட்டுக்கு ஐந்தைந்து கிலோ, தனி ஆளான தனக்கு இரண்டு, ஆக முப்பத்தேழு கிலோ.

சேர்ந்து வாங்குவதற்கு நானும் சரி என்றேன். சேர்த்து அரைப்பதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய் அளவு கேட்டார். என்னிடமும் வந்தார்.

"எனக்கு அளவெல்லாம் கிடையாது சார். கைப்பிடிதான்" என்றேன், அனுப்பிவிடலாம் என்று.

"அப்ப பிடிங்க" என்றார்.

விளையாட்டு என்று நினைத்து ஒரு கைப்பிடி மல்லி எடுத்தேன். உடனே ஒரு கவரை நீட்டி, அதில் போடச் சொல்லி, தராசில் மாட்டிவிட்டார். "அம்பத்திரண்டு கிராம்" என்று எழுதிக்கொண்டார். "இன்னொரு தடவை பிடிங்க." பிடித்தேன். அம்பத்திரண்டேதான். "அக்கா, உங்க கைக்கு முத்திரையே குத்தலாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகிவிட்டது. அந்தப் பெருமையில் அரிசி, வெந்தயம், துவரம்பருப்பு எல்லாவற்றையும் பிடித்துக் காட்டிவிட்டேன். ஐம்பது வருஷம் காத்த ரகசியம் பத்து நிமிஷத்தில் நோட்டில் ஏறிவிட்டது. முட்டாள்தனம் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

அரைக்கிற அன்று நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். திரும்பி வந்தால், வாசலில் ஒரு பெரிய டிரம். உள்ளே சிவப்பாகத் தூள். தராசு சார் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"என் தூள் எங்கே?" என்று கேட்டேன்.

"எல்லாமே உங்களதுதான் அக்கா" என்றார்.

விஷயம் இதுதான். ஒரே தடவையில் அரைக்க வேண்டுமானால் ஒரே அளவு வேண்டும். அதற்காக எட்டு வீட்டு அளவையும் கூட்டி, எட்டால் வகுத்து, வந்ததைப் போட்டு அரைத்துவிட்டார். காரத்துக்குப் பேர் போன கீழ்வீட்டு வசந்தாவின் நீட்டு மிளகாய், கறிக்கென்றே ஸ்டெல்லா டீச்சர் போடுகிற மிளகும் சோம்பும், என் பச்சரிசி, இன்னொரு வீட்டுச் சாம்பார்ப் பருப்பு, எல்லாம் ஒரே டிரம்மில். என் பங்கு மிளகாயை எடுத்துக் கொடுத்தது யார் என்றால், என் மருமகள்.

"உங்களுக்கு வேலை மிச்சம்னு நினைச்சேன் அத்தை" என்றாள் அனிதா.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் அது மிச்சம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எட்டு வீட்டிலும் ஒரே வாசனை. வசந்தாவின் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வந்தவர், வாசனையை நம்பி நேரே எங்கள் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டார். சாயங்காலம் மாடியில் கூட்டம் போட்டோம். குற்றவாளி தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றார்.

"இன்னா சார் இது, மிளகாத்தூளா செம்மண்ணா?" என்று வசந்தா ஆரம்பித்தாள். அவள் புகுந்த வீட்டுக்காரர்கள் இங்கே நெல் விளைந்த காலத்திலிருந்து இருக்கிறவர்கள், நாக்கில் காரம் குறைந்தால் கோபம் வரும். "எங்க வூட்டுக்காரர் தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டாரு. கைக்குழந்தைக்கு ஊட்டலாம் போல கீது."

ஸ்டெல்லா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், "சார், என் பிள்ளைங்க மட்டன் குழம்பை சாம்பார்னு நினைச்சு இட்லிக்கு ஊத்திக்கறாங்க. இது என்ன கணக்கு?"

"சராசரி டீச்சர். யாருக்கும் அநியாயம் இல்லாம."

"நானும் முப்பது வருஷம் கணக்கு டீச்சர்தான். சராசரி பாத்தா என் கிளாஸ்ல யாருமே ஃபெயில் இல்ல. ஆனா பாதிப் பேருக்கு வாய்ப்பாடு வராது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "ஆனி மாசம் என் மகன் வர்றான்" என்றேன். "அவன் கையில நான் எதைக் குடுத்து அனுப்பறது? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்."

"என் பங்கு ரெண்டு கிலோவையும் தந்துடறேன் அக்கா."

"அதுவும் இதே தூள்தானே?"

என் வாழ்நாளில் தராசு சார் பதில் சொல்லாமல் இறங்கிப் போனது அன்றைக்குத்தான்.

நான் புதிதாக அரைத்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் மிளகாய் விலை ஏறிவிட்டது. "வீட்டுல அஞ்சு கிலோ இருக்கறப்ப இன்னும் அஞ்சு கிலோவா?" என்று என் பெரிய மகன் கேட்டான். பிடிவாதமாக அரைக்கிலோ மட்டும் வாங்கி மிக்ஸியில் அரைத்தேன். மிக்ஸி சூட்டில் கருகின வாசனை வந்து, அதைக் கடைசியில் ஊறுகாயில் போட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மார்க்கெட்டில் ராணி என்னைக் கூப்பிட்டாள்.

"ஆயா, அந்த தராசு சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஏன், வரலையா?"

"வர்றாரு. காலைல வர்றாரு. சொன்ன வெலைக்கு வாங்கிகினு பேசாம போறாரு. எட போட்டுப் பாக்கறதில்ல. நேத்து நானே அவுரு பையில ஒரு கட்டு கீரை சேத்துப் போட்டேன், அப்பவும் ஒண்ணும் கேக்கல. எனக்கு பேஜாரா கீது ஆயா."

"நல்லதுதானே உனக்கு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் வரும்போது அது எனக்கும் உறுத்தியது. ஆனாலும் என் கோபம் என்னோடு இருந்தது. தப்புப் பண்ணினவர் கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனியில் முரளி வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் அந்தத் தூளைப் போட்டுத்தான் வஞ்சிரம் குழம்பு வைத்தேன். அவன் முதல் வாய் எடுக்கும்போது கரண்டியோடு பக்கத்திலேயே நின்றேன். வாயில் வைத்தான். நிறுத்தினான். போச்சு என்று நினைத்தேன்.

"அம்மா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

ஊற்றினேன். அதையும் சாப்பிட்டான். "உன் கைமணம் இருக்கே, வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கிட்டே போகுதும்மா" என்றான்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அனிதா குனிந்து மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. ஊருக்குப் போகும்போது அவன் மூன்று கிலோ எடுத்துக்கொண்டான். ஒரே மாதத்தில் போன் வந்தது. "கூட இருக்கறவங்க எல்லாம் சேந்து காலி பண்ணிட்டாங்கம்மா. யாராவது வந்தா குடுத்து அனுப்பு. அதே மாதிரி வேணும்."

எங்கள் வீட்டு டப்பாவும் காலி. அதே மாதிரிக்கு நான் எங்கே போவேன்? ஸ்டெல்லா டீச்சரிடம் மிச்சம் இருக்குமே, திட்டித் தீர்த்தவராயிற்றே என்று போய்க் கேட்டேன். டீச்சர் முதலில் மழுப்பினார், பிறகு காலி டப்பாவைக் காட்டினார். பிள்ளைகள் அதற்கே பழகிவிட்டார்களாம். வசந்தாவிடம் போனேன். "அது தீந்து ரெண்டு வாரமாச்சு, எங்க வூட்டுக்காரரு கேட்டுகினே கீறாரு. யாருகிட்டயும் சொல்லாதக்கா" என்றாள். மாடியில் குறை சொன்ன வாய்கள் எல்லாம் வீட்டுக்குள் வழித்து நக்கிக்கொண்டிருந்தன. என் வாயும் சேர்த்துத்தான்.

அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு மாடி ஏற வேண்டும், முட்டி வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டி அவ்வளவு ஒன்றும் வலிக்கவில்லை. ஐம்பது வருஷத் தூளை ஒரு கணக்குப் பிள்ளை எட்டால் வகுத்து மேலே தூக்கிவிட்டார் என்று எந்த வாயால் சொல்வது? இப்படியே தள்ளிப் போட்டேன். தை மாதம் அவர் மகள் காரோடு வந்து, தனியாக இருக்க வேண்டாம் என்று பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம், "வரேன் அக்கா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். "போய்ட்டு வாங்க சார்" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

இந்தப் பங்குனி வந்தது. மற்ற ஆறு வீடும் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. மிளகாய் வாங்கியாகிவிட்டது, காய வைத்தாகிவிட்டது, அளவு யாரிடமும் இல்லை. நோட்டு அவரோடு போய்விட்டது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யார் போன் பண்ணுவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அனிதாவே நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

"சார், அந்தப் போன வருஷத் தூள் அளவு இருக்கா?"

"எதுக்கு அக்கா? இன்னும் யாராவது திட்டறாங்களா?"

ஸ்டெல்லா டீச்சர் கேட்கிறார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். டீச்சர் எதிரிலேயே நின்றார்.

"எனக்குத்தான் சார்" என்றேன். "என் மகன் அதைத்தான் கேக்கறான். நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் நோட்டைத் தேடக்கூடப் போகாமல், மிளகாயிலிருந்து வெந்தயம் வரைக்கும் கிராம் சுத்தமாக ஒப்பித்தார். அனிதா எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லலாம் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மொத்தம் எத்தனை கிலோ அக்கா?"

"முப்பத்தேழு."

"தப்பாச்சே" என்றார். குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. "இப்ப ஏழு வீடுதானே? அஞ்சஞ்சு போட்டா முப்பத்தஞ்சு. ரெண்டு கிலோ கூட இருக்கு. யாரோ உங்களை ஏமாத்தறாங்க. மிளகாய் வாங்கினது யாரு, விசாரிங்க."

"விசாரிக்கறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவ்வளவு கணக்குத் தெரிந்த மனிதருக்கு அந்த இரண்டு கிலோ யாருடையது என்று தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. அரைத்து வந்த அன்றே அதை ஈரம் படாமல் கட்டி, என் தலைமாட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மஸ்கட்காரன் கேட்டபோதுகூட அதைத் தொடவில்லை.